இரண்டு பக்கமும் கம்பி வைத்த எஞ்சின்

இன்று சாயங்காலம் எங்கள் வீட்டு மண்ணெண்ணெய்த் தகரம் அடியில் ஒழுகியது. அம்மா என்னிடம் கொடுத்து உங்கள் பட்டறைக்கு அனுப்பினாள். உன் அப்பா காய்ச்சிய செம்புக் கட்டியை ஆசிட்டில் தொட்டு எடுத்து ஈயத்தின் மேல் வைத்தார். மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கும் அந்தப் புகை எழுந்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உண்மையான ரயில் எஞ்சின் நிலக்கரியும் எண்ணெயும் கலந்து நாறும். நம் தகர எஞ்சின் இப்படித்தான் நாறும். நம் எஞ்சின் என்று எழுதிவிட்டேன். அது உன் எஞ்சின். அதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு முந்திய கோடை விடுமுறையில் நீ அதை ஆரம்பித்தாய். மலையில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர்களுக்கு உன் அப்பா புகைக்குழாய் அடித்துக் கொடுப்பார். வெட்டிப்போட்ட தகரத்தில் ஒரு துண்டை எடுத்து நீ உருளையாகச் சுருட்டி, ஓரம் மடித்துத் தட்டி என்னிடம் காட்டினாய். கொதிகலன் என்றாய். எனக்குச் சின்னப் புகைக்குழாயாகத்தான் தெரிந்தது. பத்து நாளில் அதற்குச் சக்கரமும் புகைபோக்கியும் வந்துவிட்டன. தெருவே வந்து பார்த்தது.

நானும் ஒரு பக்கம் உட்கார்ந்து தகரம் வெட்டிப் பார்த்தேன். நீ தொட்டால் தகரம் சொன்னபடி வளைந்தது. நான் தொட்டால் என் விரல் கிழிந்தது. அம்மா மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்தப் புள்ள கையப் பாரு, என்னமா வேலை செய்யுது. நீயும் இருக்கியே, புஸ்தகத்தக் கட்டிக்கிட்டு." அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு.

உன் எஞ்சினில் குறை கண்டுபிடிக்கத்தான் நான் முதலில் நோட்டும் பென்சிலுமாக ஸ்டேஷனுக்குப் போனேன். இதை நீ அறிந்திருக்க மாட்டாய். முன்பக்கம் நீ மோதலைத் தாங்கும் இரண்டு வட்டத் தட்டுகள் வைத்திருந்தாய், பாடப்புத்தகத்துப் படத்தில் இருப்பது போல. நம் ஊருக்கு வரும் சின்னப் பாதை எஞ்சினுக்கு நடுவில் ஒரே ஒரு தட்டும் கொக்கியும்தான். ஓடிவந்து அதைச் சொன்னேன். உன் முகம் வாடும் என்று பார்த்தேன். நீ அந்த நிமிடமே இரண்டையும் சூடு காட்டிக் கழற்றிவிட்டு, "எங்கண்ணுக்கு அது தட்டுப்படவே இல்ல புள்ள. வேற என்னெல்லாம் தப்பு? வெரசா சொல்லு" என்றாய்.

அப்புறம் தினமும் சாயங்கால வண்டிக்கு இரண்டு பேரும் போனோம். ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். டிரைவரின் தோள் ஜன்னலில் எந்த உயரத்துக்கு வருகிறது, ஏறும் படி எத்தனை, கொதிகலன் முதுகில் மேடு போன்ற இரண்டு குமிழ்களில் எது பெரியது, எல்லாம் என் நோட்டில் ஏறின. கரியும் தண்ணீரும் சுமக்கும் பின் பெட்டியின் ரிவிட்டு ஆணிகளை நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது, கரி தள்ளுகிறவர் குனிந்து பார்த்து, "என்னத்தா, நேத்தைக்கு இன்னைக்கு எதுவும் கொறையுதா?" என்று கேட்டார். நீ சிரித்துச் சிரித்துப் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்கு ரைட்டரம்மா என்று பெயர்.

நான் எழுதிக் கொடுத்ததை எல்லாம் நீ செய்தாய். தகரத்தின் உள்பக்கமிருந்து ஆணி முனையால் தட்டித் தட்டி ரிவிட்டுகளை வரிசையாக எழுப்பினாய். ஊக்கை நீட்டிக் கைப்பிடிக் கம்பி செய்தாய். தீர்ந்துபோன பேனா ரீபிளின் பித்தளை முனை ஊதல் ஆயிற்று. டார்ச் லைட்டின் பல்பு நெற்றி விளக்கு ஆயிற்று. ஒவ்வொன்றும் பொருந்தும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், வயிறும் எரியும். கண் என்னுடையது, பேர் உன்னுடையது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

கடைசியாகச் செய்தது அந்த நீளக் கம்பி. டிரைவர் வண்டியை முன்னாலும் பின்னாலும் ஓட்ட ஒரு கைப்பிடியைத் திருகுவாரே, அதிலிருந்து கிளம்பிக் கொதிகலனை ஒட்டியே போய்ச் சக்கரங்களுக்கு மேலே இறங்கும் கம்பி. சைக்கிள் ஸ்போக்கு ஒன்றைத் தேய்த்து நீ அதைச் செய்தாய். அது வைத்த பிறகுதான் எஞ்சின் எஞ்சின் மாதிரி ஆனது.

பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி என்று அறிவித்தார்கள். விஞ்ஞான டீச்சர் எஞ்சினைப் பார்த்துவிட்டு அட்டையில் அழகாக எழுதினார். செய்தவர் என்று போட்டு உன் பெயர். நான் அங்கேயே நின்றேன். நீதான், "டீச்சர், இவதான் எல்லாத்தையும் பாத்து எழுதுனா" என்றாய். டீச்சர் சிரித்துக்கொண்டு, "அப்பச் சரி, நோட்டையும் பக்கத்துல வச்சுக்கோங்க" என்றார். அட்டையில் இடம் இல்லையாம்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் நீ கேட்டாய்: "அந்தப் பக்கமும் கம்பி வருமா புள்ள? நம்ம பாத்ததே இல்லையே."

நம் ஊரில் சாயங்கால வண்டிக்கு நிற்கும் யாரும் அதைப் பார்த்ததில்லை. வண்டி மதுரையிலிருந்து ஒரே பக்கமாக வந்து ஒரே பக்கத்தைப் பிளாட்பாரத்துக்குக் காட்டி நிற்கும். அது திரும்பப் போவது விடியுமுன் இருட்டில். தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போகப் பார்த்தோம் என்று ஒருநாள் ஸ்டேஷனில் நம்மைத் திட்டி அனுப்பியதும் உனக்கு நினைவிருக்கும்.

ஆனால் நான் பார்த்திருந்தேன். எங்கள் பருத்திக்காடு ரயில் பாதைக்கு மறுபக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோகும்போது, போடிக்கு வரும் வண்டி என்னைத் தாண்டித்தான் போகும். டிரைவர் நிற்பது இடது பக்கம், பிளாட்பாரப் பக்கம். கம்பியும் அந்தப் பக்கம் மட்டும்தான். எங்கள் காட்டிலிருந்து தெரியும் பக்கம் மொழுக்கென்று இருக்கும்.

உன்னிடம் நான், "ரெண்டு பக்கமும் ஒண்ணு மாதிரிதான்" என்றேன். நீ ஒருதரம் என்னைப் பார்த்தாய். நம்பாமல் பார்க்கிறாயோ என்று, வீட்டுக்கு வந்து நோட்டில் அந்தப் பக்கத்தைப் படமாகவே வரைந்தேன். ஸ்கேல் வைத்து, கம்பியோடு, அளவுகளோடு. என் நோட்டில் இருந்த படங்களில் அதுதான் மிகச் சுத்தமான படம்.

நீ இன்னொரு ஸ்போக்கைத் தேய்த்தாய்.

பொருட்காட்சி வெள்ளிக்கிழமை நடந்தது. உன் எஞ்சினைச் சுற்றித்தான் கூட்டம். பக்கத்தில் என் நோட்டு, அந்தப் படமிருந்த பக்கம் திறந்தபடி. நம் வகுப்புப் பெண் ஒருத்தியின் மாமா ரயிலில் கரி தள்ளும் வேலை பார்ப்பவர், அவரும் வந்திருந்தார். எஞ்சினைக் கையில் எடுத்து, ரிவிட்டுகளைத் தடவி, "நம்ம வண்டியேதான்யா" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் திருப்பினார்.

"ஏத்தா, இந்தப் பக்கமும் ஒரு டிரைவர் நிக்கிறாரா? ஆளுக்கொரு பக்கம் திருகுனா வண்டி எங்கிட்டுப் போகும்?"

கெட்ட எண்ணத்தில் அவர் கேட்கவில்லை. ஆனாலும் கூட்டம் சிரித்தது. பரிசு கொடுக்க வந்தவர்களும் கேட்டார்கள். நீ என் பக்கம் கை காட்டுவாய் என்று காத்துக்கொண்டு நின்றேன். நீ என்னைப் பார்க்கக்கூட இல்லை. "அந்தப் பக்கத்த நான் பாத்ததில்லண்ணே. என் தப்புதான்" என்றாய். முதல் பரிசு சாண எரிவாயு அடுப்புக்குப் போயிற்று.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் இருந்தது.

அதற்குப் பிறகு நான் இரண்டு தடவை அந்தக் கம்பியைக் கழற்றச் சொன்னேன். நீ, "கெடக்கட்டும் விடு" என்றாய். தோற்ற எஞ்சின் மேல் உனக்கு ஆசை விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ஐப்பசியில் நீ மலைக்கு உன் சித்தி வீட்டுக்குப் போனாய். அங்கே உனக்கு மஞ்சள் காமாலை வந்ததும், பச்சிலை கொடுத்துப் பார்த்ததும், மழையில் பாதை சரிந்து இரண்டு நாள் ஜீப்பு இறங்காததும் நீ அறிந்தவை. நான் அறிந்தது உங்கள் வாசலில் கூடிய கூட்டம் மட்டும். காரியம் முடிந்த பிறகு உன் அம்மா எஞ்சினை ஒரு துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்து, "நீங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுதானத்தா, நீயே வச்சுக்க" என்றார். நான் வாங்கிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தோம். வண்டி போயிற்று. அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உன் சிநேகிதி ஒருநா இங்கன வந்து நின்னுச்சு, பாவம்" என்றார்.

எப்போது என்று கேட்டேன். நாங்கள் எல்லாரும் பக்கத்து ஊர் தேவாரத்துக்கு அத்தை மகளின் காதுகுத்துக்குப் போயிருந்தோமே, தண்ணீர் பாய்ச்சும் முறை என்று அப்பா மட்டும் போகாமல் காட்டிலேயே இருந்தாரே, அந்த ஞாயிற்றுக்கிழமை. பொருட்காட்சிக்கு முந்தின ஞாயிறு.

"வண்டி போற வரைக்கும் கண்ண எடுக்கல அது. மாமா, இந்தப் பக்கம் எப்பவுமே கம்பி இருக்காதான்னு கேட்டுச்சு. எனக்கென்னத்தா தெரியும், எம்மக பாத்து வச்சிருப்பா, அவளக் கேளுன்னேன். நான் வந்தேண்டு அவகிட்டச் சொல்லிறாதீக மாமான்னு சொல்லிட்டுப் போயிருச்சு. நானும் மறந்துட்டேன்."

நான் பருத்தியைக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு பக்கக் கம்பியைச் சூடு காட்டிக் கழற்ற உனக்கு அரை மணி நேரம் போதும். உனக்கு முழுசாக ஐந்து நாள் இருந்தது. கழற்றியிருந்தால் உன் எஞ்சின் சரியாக இருந்திருக்கும். பக்கத்தில் திறந்து வைத்த என் நோட்டுத் தப்பு என்று பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும். என்னிடம் அந்த நோட்டு ஒன்றுதானே இருந்தது. அதற்காகத்தான் விட்டுவைத்தாயா? இல்லை, நானே வந்து சொல்வேன் என்று வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருந்தாயா? கேட்க ஆளில்லை.

திங்கட்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போய் விஞ்ஞான டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தப் படத்தைப் பார்த்தார். "இத இப்பச் சொல்லி என்னம்மா ஆகப்போகுது" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. படத்துக்குக் கீழே, தெரிந்தே தப்பாக வரைந்தேன் என்று எழுதி, என் பெயரைப் போட்டேன். டீச்சர் அட்டையில் எழுதியதைவிடப் பெரிய எழுத்தில் போட்டேன்.

உன் மேல் எனக்கு இன்னும் பொறாமை தீரவில்லை. உன் கைவேலை எனக்கு வராது என்று தெரிந்துபோய் ரொம்ப நாள் ஆகிறது, அதை விட்டுவிட்டேன். இப்போது பொறாமை அந்த ஐந்து நாளின் மேல். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, ஐந்து நாளும் எல்லாம் தெரிந்துகொண்டு நீ என்னோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்திருக்கிறாய். என்னால் ஒரு தெருகூட அப்படி நடந்திருக்க முடியாது. வழியில் என்ன பேசினோம் என்று தினமும் யோசிக்கிறேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நான்தான் பேசிக்கொண்டே வந்திருப்பேன், எஞ்சினைப் பற்றி.