பச்சை எரிந்த பிறகு

நவ. 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. பைக் செயினுக்கு எண்ணெய் போடவில்லை. நேற்றைய கோபம் இன்னும் இறங்கவில்லை.

நேற்று ரேஸில் மறுபடியும் ஃபௌல். நேர் ரோடு, இரண்டு பைக், மூன்று மஞ்சள் விளக்கும் வரிசையாக எரிந்து பச்சை வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். மூன்றாவது மஞ்சளிலேயே போய்விட்டேன். என் பக்கம் சிவப்பு. ஆட்டம் குளோஸ். இந்த சீசனில் இது இரண்டாவது. இன்னொன்று என்றால் அடுத்த வருஷம் வரை கிளப்பில் பெயர் கொடுக்க முடியாது.

வண்டி மேல் தப்பில்லை. கைதான்.

நவ. 4, செவ்வாய்

காரணத்தைப் பிடித்துவிட்டேன். பழவங்காடி சிக்னல். ஆபீஸ் போகிற வழி, பின்னால் வீட்டுக்காரர் ரமேஷ். சிவப்பில் எண் குறைந்து மூன்று வந்ததும் மொத்த ரோடும் நகர்ந்தது. நானும். பூஜ்யம் வரை இந்த ஊரில் யார் நிற்கிறார்கள்? வருஷக்கணக்காகத் தினம் இரண்டு வேளை இதைத்தான் பழகியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பழகுவதெல்லாம் எந்த மூலைக்கு.

இனி பச்சை எரிந்தால்தான் கிளட்சை விடுவது.

நவ. 6, வியாழன்

எல்லோரும் மூன்றில் கிளம்ப, நான் மட்டும் நின்றேன். பின்னால் ஒரே ஹாரன். ஆட்டோக்காரர் தலையை நீட்டி மலையாளத்தில், "சேச்சி, உறங்கிப்போயோ?" தூங்கிவிட்டேனாம்.

ரமேஷ் தோளைத் தட்டினார். "எல்லாரும் போயாச்சு. நீ என்னடி பிள்ளையார் மாதிரி உக்காந்துண்டிருக்கே? மானம் போறது."

"அப்போ இறங்கி நடந்து வாங்கோ."

வாங்க வேண்டியது: பால், செயின் ஸ்பிரே, அவருக்கு இருமல் மருந்து.

நவ. 12, புதன்

தம்பானூர் சிக்னலில் விரல் தானாகவே நின்றது. சந்தோஷம். உடனே பயம். நிற்கப் பழகி, கிளம்ப மறந்துவிட்டேனோ? இன்று பச்சை வந்தும் ஒரு கணம் மரமாக இருந்தேன்.

சாயங்காலம் போர்ட்டிகோவில் எஞ்சினை அணைத்து உட்கார்ந்தேன். ரமேஷ் இஷ்டத்துக்கு லைட்டைப் போட, நான் கிளட்சை விட வேண்டும். நடுவில் காபி குடிக்கப் போய்விட்டார். கை வலித்தது, விடவில்லை.

"ஏமாத்தறேளா?"

"அங்க ரேஸ்ல மட்டும் சொல்லிட்டா லைட்டைப் போடறா?"

நியாயம். திட்டிக்கொண்டேதான் இவர் நல்லது செய்வார்.

நவ. 16, ஞாயிறு

மழை இல்லை. ரேஸுக்குப் பெயர் கொடுத்தாயிற்று.

முதல் ரவுண்டு. பக்கத்து லேனில் பெரிய வண்டி. மூன்றாவது மஞ்சளில் அது சீறிக்கொண்டு போனது. போச்சு என்று நினைத்தேன். கை நினைக்கவில்லை. பச்சை. விட்டேன். கடைசி வரை அந்த வண்டிக்காரர் முதுகைப் பார்த்துக்கொண்டே, ஒரு கியரும் தப்பாமல்.

முடிந்த பிறகுதான் தெரிந்தது, அவர் பக்கம் சிவப்பு. ஜெயித்தது நான். ஹெல்மெட்டுக்குள் அழுதேன்.

அவரே தேடி வந்தார். "சேச்சி, அனங்ஙாதெ எங்ஙனெயா நின்னது?" அசையாமல் எப்படி நின்றேன் என்று கேட்கிறார். பாவம், நல்ல மனிதர். சொல்லலாம்தான். ஆனால் அடுத்த ரவுண்டில் எனக்கு எதிரே அவர் தம்பி.

"ஒந்நுமில்ல, பாக்யம்" என்றேன், எல்லாம் அதிர்ஷ்டம் என்கிற மாதிரி.

கூப்பிடுகிறார்கள். கையுறை எங்கே