வெறுங்கால் வேண்டுதல்

10.1.1996, புதன்

பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கினால், தைப்பூசத்துக்குப் பழனி வரை வெறுங்காலில் நடப்பதாக வேண்டிக்கொண்டவர் என் வீட்டுக்காரர். இறங்கிவிட்டது. அன்றிலிருந்து பச்சை வேட்டி, விரதம், ஊரெல்லாம் பெருமை. காலை நாலு மணிக்கே எழுந்து பல்லடம் வரை நடந்து பழகுகிறாராம்.

இன்று காலை அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போனேன். ஜன்னல் வழியே பார்த்தால், நம் ஊர் முக்கு பேக்கரியில் இவர் உட்கார்ந்து முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருக்கிறார். காலில் செருப்பு.

ராத்திரி காலை நீட்டினார். "நடந்து நடந்து புண்ணாப் போச்சு அம்மணி. எண்ணெய் தேச்சு உடு."

தேய்த்தேன். பாதம் பாப்பாவின் கன்னம்போல் மெத்தென்றிருந்தது.

"பாவமுங்க. நாளைக்கு நானும் கூட வாரேனுங்க" என்றேன். வெடுக்கென்று காலை மடக்கிக்கொண்டார்.

அவர் செருப்பை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில்.