தம்பானூர் இருந்த இடம்

திருவனந்தபுரம்
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த பிறகு

அன்பு மகள் லிபிக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். சுகம் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போக இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் போட்டோ ஏதாவது வந்திருக்கிறதா என்று என் போனை எடுத்துப் பார்க்கும்போது வாசித்துவிடுவார். நம் சபை ஆர்ஷா லீவு முடிந்து புதன்கிழமை டப்ளினுக்குத் திரும்புகிறாள். அவளிடம் கொடுத்துவிடுகிற அச்சப்பப் பலகாரப் பொதியில் இதையும் வைக்கிறேன், தனியாக இருக்கும்போது வாசி மக்களே.

எங்கள் ஆபீசில் அப்பா மேசையில் உள்ளது உட்படக் கம்ப்யூட்டர்களை எல்லாம் மாற்றியது உனக்குத் தெரியும். முன்பும் லினக்ஸ்தான், இப்போதும் லினக்ஸ்தான், மாறியது முன்னால் தெரிகிற டெஸ்க்டாப் மட்டும், பழைய மேட் போய் க்னோம் வந்தது. பத்து பள்ளிக்கூடங்களை நடத்துகிற டிரஸ்டில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான், ஆகவே எல்லாரையும் புதியதற்குப் பழக்குவதும் என் தலையில் விழுந்தது. முதல் நாள் பெரிய களேபரம். பழையதில் எல்லாரும் ஃபைல்களை ஸ்கிரீன் மேலேயே பரப்பி வைத்திருந்தார்கள், புதியதில் ஸ்கிரீன் மேல் ஒன்றுமே தெரியாது. பக்கத்து மேசை ஷிஜா வந்து, சேச்சி என் ஸ்கிரீனைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டீர்களா என்று கேட்டாள். மேனேஜர் ராமசுப்ரமணியன் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கல்யாணம் முடிஞ்ச மறுநாள் மண்டபமாட்டமா இருக்கே என்றார். நான் ஒவ்வொரு மேசையாகப் போய், ஒன்றும் தொலையவில்லை, எல்லாம் டெஸ்க்டாப் என்கிற ஃபோல்டருக்குள் அப்படியே இருக்கிறது, இப்படித் திறந்தால் வரும் என்று காட்டிக் கொடுத்தேன். சலித்துக்கொண்டார்கள், என்னைத் திட்டினார்கள், பிறகு கை பழகிவிட்டது. ஷிஜா இப்போது பழையது எப்படி இருந்தது என்பதையே மறந்துவிட்டேன் என்கிறாள்.

அப்பாவுக்கு மட்டும் பழகவில்லை. அதை முதலில் நான் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். வீட்டில் பெண்டாட்டி சொல்வதை ஆபீசிலும் கேட்க வேண்டுமா என்கிற ரோஷம் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு நாள் காலையும் என் மேசைக்கு வந்து, சுசீ, ஃபைலெல்லாம் எங்க போச்சு என்று கேட்பார். அதே வார்த்தை, அதே குரல், முந்தின நாள் கேட்காதது போல. நான் காட்டுவேன், ஓ இவ்வளவுதானா என்று தலையாட்டுவார், மறுநாள் திரும்பவும் வருவார். அவர் பழைய ஸ்கிரீனில் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றாக ஃபைல்களை எப்படி அடுக்கியிருந்தார் என்று நீ பார்த்திருக்கிறாயா? பொன்முடி பஸ் போகிற வழியில். மேலே முதலாவது டவுன் தம்பானூர், அதன் கீழே பேரூர்க்கடை, நெடுமங்காடு, விதுரா என்று வரிசையாக வந்து, அடியில் மலையடிவாரத்துக் கல்லாறு. பஸ்ஸில் உட்கார்ந்து போவது போலக் கை போகும். ஆபீசில் அவரைவிட வேகமாக ஒரு உத்தரவு அடிக்க ஆள் கிடையாது. அந்த வேகத்தைப் பார்த்து நாங்கள் எல்லாரும் சத்தியநேசன் சார் என்றால் கணக்காக இருக்கும் என்று நம்பினோம், அவர் பெயர்களை வாசிப்பதை எப்போதோ விட்டுவிட்டு இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை.

அப்பா உனக்கு ஆபீஸ் படிக்கட்டில் நின்று போன் பண்ணியதும், லாகின் பண்ணும்போது மூலையில் வருகிற பல்சக்கரப் படத்தை அமுக்கிப் பழைய மேட் டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுக்க நீ சொல்லிக் கொடுத்ததும் எனக்கு இப்போது தெரியும். நீ தப்பு செய்தாய் என்று எழுத வரவில்லை. அப்பா கேட்டால் நான் உன் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், புதியதோடு பழையதும் அதில் இருக்கட்டும் என்று விட்டுவைத்தவளும் நான்தான். அன்றைக்கு அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம், காரணம் கேட்டதற்குச் சொல்லாமல் எனக்கு டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் பழைய டெஸ்க்டாப் திரும்பி வந்தபோது ஐகான்கள் அவர் வைத்த இடத்தில் வரவில்லை, இங்கிலீஷ் எழுத்து வரிசையில் வந்து நின்றன. கல்லாறு மேலே ஏறிவிட்டது, தம்பானூர் கீழே போய்விட்டது.

அந்த வாரம் தம்பானூர் பள்ளிக்கூடத்து நர்சரிக்கு ஆயாவாகப் பூமாரியைப் போட்டு உத்தரவு அடிக்க வேண்டியிருந்தது. சங்கரன்கோவில் பக்கம் உள்ளவள், புருஷனுக்கு ஒரு ஓட்டலில் வேலை, சின்னப் பெண் ஒன்று இருக்கிறது, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் டவுன் வேலை கேட்டிருந்தாள். அப்பா வழக்கம்போல மேலே முதலாவது இருந்ததைத் திறந்து அவள் பெயரை அடித்தார். உத்தரவின் தலைப்பில் கல்லாறு என்று பெரிய எழுத்தில் இருந்தது. அவர் வாசிக்கவில்லை, சத்தியநேசன் கொண்டு வந்து வைத்தால் நான் வாசிக்கிற வழக்கமே இல்லை என்று மேனேஜரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். பூமாரிக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. பஸ் ஸ்டாண்டில் யாரோ வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள், இருட்டோடு எழுந்து பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு மலையடிவாரம் வரை போயிருக்கிறாள், அங்கேயும் உத்தரவைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வாரம் போய் வந்திருக்கிறாள் லிபி, ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து லீவு கேட்க ஆபீசுக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "நான் என்ன தப்புப் பண்ணுனேன், எதுக்கு இந்தத் தண்டனைன்னு யோசிச்சுக்கிட்டே போய்ட்டு வந்தேம்மா" என்றாள்.

உத்தரவை அன்றைக்கே திருத்தினோம். அப்பா அவளிடம் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார், அவள் பதறிப்போய் இன்னும் பின்னால் தள்ளி நின்றாள். எல்லாரும் போன பிறகு அவர் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றதும், "நான் எப்பவும் போற இடத்துக்குத்தான் போனேன் சுசீ. தம்பானூர் அங்க இல்ல" என்றார். அந்தச் சொல் எனக்குள் இன்னும் அறுத்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு வெளியிலும் வீட்டிலும் கவனித்தேன். ரோடு தோண்டுகிறார்கள் என்று பஸ் நிற்கிற இடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார்கள், அவர் பழைய இடத்திலேயே நின்று பஸ்களைத் தவறவிட்டிருக்கிறார், நான் லேட்டாகிவிட்டது என்று கோபித்துக்கொண்டேன். சமையலறையில் டீத்தூள் டப்பாவை வேண்டுமென்றே மேல் தட்டுக்கு மாற்றி வைத்துப் பார்த்தேன். அலமாரியைத் திறந்து வெறும் இடத்தைப் பார்த்தபடி நின்றார், தேடவில்லை. கட்டின புருஷனுக்குப் பரீட்சை வைக்கிறேனே என்று எனக்கே என்மேல் வெறுப்பாக வந்தது, டப்பாவை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். வைக்கும்போதுதான் உறைத்தது, இத்தனை வருஷமாக இந்த வீட்டில் எதையும் இடம் மாற்றாமல் வைத்திருப்பதை என் ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார் என்று இப்போது தெரிகிறது.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பழைய வரிசையையே வச்சுக் குடுத்துடுங்கோ, ரிட்டயர்மெண்டுக்கு அதிக நாள் இல்லை, நாங்க யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்லை என்றார். நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஐகான்களை இழுத்து வைப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை. இழுத்து வைத்தும் விட்டேன், தம்பானூர் மேலே, கல்லாறு அடியில், அவர் காலையில் வந்து திகைத்து நிற்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆனால் அவர் அடிக்கிற எதையும் ஷிஜா வாசித்துப் பார்க்காமல் வெளியே அனுப்பக் கூடாது என்று சாரிடம் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை நரம்பு டாக்டரைப் பார்க்கச் சீட்டும் வாங்கிவிட்டேன். எல்லாம் பழைய இடத்தில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, அதுதான் எனக்குப் பயம். இந்த டெஸ்க்டாப் மாறியிருக்காவிட்டால் இன்னும் எவ்வளவு காலம் தெரியாமலே போயிருக்குமோ. அவருக்கு ஐம்பத்தாறுதான் ஆகிறது லிபி. தைராய்டாக இருக்கலாம், தூக்கக் குறைவாக இருக்கலாம் என்று நெட்டில் போட்டிருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்று ஜெபிக்கிறேன்.

டாக்டரிடம் வர அப்பா சம்மதித்தது ஒரே ஒரு நிபந்தனையில், லிபிக்குத் தெரியக் கூடாது. சரி என்று சொன்னேன். சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். நீ நல்ல எண்ணத்தில் இன்னொரு தடவை அப்பாவுக்கு மறைக்க வழி காட்டிவிடுவாயோ என்கிற பயத்தில் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமலும் எழுதுகிறேன்.

லீவு போட்டு ஓடி வராதே, வேண்டுமென்றால் நானே சொல்வேன். கம்ப்யூட்டர் பற்றி அப்பா உன்னிடம் ஏதாவது உதவி கேட்டால், அம்மாவிடம் கேளுங்கள் அப்பா என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடு. ராத்திரியில் தலை நனைக்காதே, ஆர்ஷாவுக்கு அச்சப்பத்தில் பாதி கொடு. சனிக்கிழமை ஆர்ஷா இதை உன் கையில் தரும்போது டாக்டரைப் பார்த்திருப்போம், என்றைக்காவது ஒருநாள் அப்பாவே உன்னிடம் சொல்வார். அப்போது உனக்கு ஒன்றும் தெரியாதது போல, முதல் தடவை கேட்பது போலக் கேள் மக்களே. சில நாள் கழித்து அதையே மறுபடியும் சொன்னாலும், அப்போதும் முதல் தடவை கேட்பது போலவே கேள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அம்மா,
சுசீலாபாய்