இடது முன் டயர்

ஐந்தாம் பட்டறை, செவ்வாய்க் கிரகம்
பதிவு எழுதுபவர்: ம. பிரம்மசக்தி, வண்டிப் பராமரிப்பு

நாள் 1140, 06:40. வழக்கமான பதிவு

வெளியே மைனஸ் எழுபத்தொன்று. தூசி குறைவு. காற்று வடிகட்டிகள் இரண்டையும் சுத்தம் செய்தேன். எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் விட்டேன்; ஒரு காய் பழுத்திருக்கிறது. டயர் இருப்பு: செருப்பு பன்னிரண்டு, கான்வாஸ் ஆறு, பூட்ஸ் ஆறு.

இதை யார் எடுத்துப் படிக்கப்போகிறீர்களோ தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். இங்கே டயரில் ரப்பரும் கிடையாது, காற்றும் கிடையாது. கம்பியில் நெய்த கூடுதான் டயர். வழவழப்பான பட்டை போட்டதற்குச் செருப்பு என்று பெயர். சாலையில் பறக்கும், கல்லில் கிழியும். தடித்த கம்பியும் பல்லும் உள்ளது பூட்ஸ். எந்தப் பாறையிலும் ஏறும், ஆனால் சாலையில் மின்கலத்தை உறிஞ்சித் தள்ளிவிடும். நடுவில் இருப்பது கான்வாஸ். இரண்டு இடத்திலும் போகும், இரண்டிலும் சுமார்தான். இந்தப் பெயர்களை வைத்தவர் ஆதிலிங்கம், என் வீட்டுக்காரர்.

இன்று காலைச் செய்தி: விநியோகத் தலைவர் சங்கரபாண்டியன் மாலையில் இங்கே வருகிறார். நாளை பனிக்கிணறு முகாமுக்குப் பயணம். ஆறு டயரும் தேய்ந்துவிட்டன, மாற்ற வேண்டும். எதைப் போடுவது என்பதைப் பட்டறையே முடிவு செய்யலாம்.

பட்டறையில் இருப்பது நான் ஒருத்திதான். செய்தியை மூன்று முறை படித்தேன்.

நாள் 1140, 13:15. டயர் தேர்வு, முன்கதை

பனிக்கிணற்றுக்கு முந்நூறு கிலோமீட்டர். அதில் நூற்றெண்பது உருக்கி இழைத்த நல்ல சாலை. மிச்சம் நூற்றிருபது கல்காடு. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இதே கணக்கைப் போட்டு, இதே பட்டறையில் நின்று, பாதிக்கு மேல் சாலைதான், கான்வாஸ் போதும் என்று சொன்னான் சங்கரபாண்டியன். கான்வாஸ் ஆகாது, பூட்ஸ் போடுங்கள் என்றேன்; ஆறும் அலமாரியில்தான் இருந்தன. அதை வேறு வண்டிக்கு வைத்திருக்கிறேன் என்றான். விதிப்புத்தகமும் கான்வாஸ்தான் சொல்கிறது. எழுதினவன் வண்டியில் உட்காரப்போவதில்லையே.

கல்காட்டில் முப்பதாவது கிலோமீட்டரில் ஆதிலிங்கம் ஓட்டிப்போன வண்டியின் இடது முன் டயர் பிரிந்தது. கம்பி அச்சில் சுற்றியது. அறுந்த முனை வண்டியின் காற்றுக் குழாயைச் சவுக்கால் அடித்த மாதிரி வெட்டிவிட்டது. உடையில் எட்டு மணி நேரக் காற்று. ஆள் போய்ச் சேரப் பதின்மூன்று மணி நேரம் ஆனது. நெசவுத் தளர்ச்சி என்று ஒரு பக்கத்தில் அறிக்கை அனுப்பினார்கள். பிரிந்த டயரைக் கேட்டு வாங்கி என் மேசைக்கு எதிரே சுவரில் மாட்டினேன். தினமும் அதைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன்.

அன்றைக்கு அது புது வண்டி. ஆறு சக்கரத்துக்கும் பழம் வைக்க ஆசைப்பட்டேன். செடியில் பழுத்தது ஒன்றுதான். அதற்கும் விடவில்லை அந்த மகராசன் சங்கரபாண்டியன். சாறு சிந்தினால் தரையில் பதித்திருக்கும் எடை உணரிகள் கெட்டுப்போகும் என்றான். நான் விடுவேனா? கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பழத்தைக் கொண்டுபோய், வாசலுக்கு வெளியே கல்தளத்தில் இடது முன் சக்கரத்துக்கு நேராக வைத்துவிட்டு வந்தேன். அந்தப் பழம்கூட அவரைக் காப்பாற்றவில்லை. இவன் போட்ட டயருக்கு முன்னால் பழம் என்ன செய்யும்?

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும். பூட்ஸ் ஆறையும் செருப்பு அடுக்குக்குப் பின்னால் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். இருப்புப் பட்டியலில் பூட்ஸ்: விரிசல், பயன்படாது என்று மாற்றி எழுதினேன். மேலே உள்ள காலைப் பதிவை அழிக்கவில்லை. எது உண்மை என்று படிப்பவருக்குத் தெரியட்டும்.

நாள் 1141, 07:05. டயர் மாற்றம்

நேற்று மாலை வந்தான். தலை முழுக்க நரைத்திருக்கிறது. நரைக்கட்டும். சாப்பாடு கொடுத்தேன், வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறு போடாமல் இருக்க எனக்குத் தெரியாது. சுவரில் இருந்த டயரைப் பார்த்துவிட்டு, பாதியில் தட்டைத் தள்ளி வைத்தான்.

என்ன டயர் என்று கேட்டான். கான்வாஸ் என்றேன். பூட்ஸ் இல்லையா என்றான். விரிசல் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, நீ போடுவதைப் போடு என்றான். அவனுக்குப் பயம் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக நன்றாகத் தூங்கினேன்.

காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஆறு கான்வாஸையும் மாட்டி முடித்தேன். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. முடுக்கு சரி, சமநிலை சரி. கொல்ல வேண்டியது அவன் தேர்வு, என் கை இல்லை. என்னைக் கொடியவள் என்று நினைக்கிறீர்களா? நினைத்துக்கொள்ளுங்கள்.

நாள் 1141, 08:10. புறப்பாடு

ஏழு மணிக்கு அவனே கேட்டான். வண்டிக்குள் இருந்து வானொலியில் வந்தது, அப்படியே பதிகிறேன்.

“தாயி, அன்னைக்குப் பழம் வைக்காதேன்னு சொன்னேன்லா. அது மனசுல முள்ளு மாதிரி கெடக்கு. இன்னைக்கு நீயே வச்சிரு. உள்ள வேணும்னாலும் வையி.”

உள்ளே வேண்டாம் அண்ணாச்சி, உணரி கெட்டுப்போகும் என்றேன். அவன் சொன்னதை அவனுக்கே திருப்பிக் கொடுத்ததில் ஒரு சந்தோஷம். வெளியே அதே கல்தளத்தில், அதே இடது முன் சக்கரத்துக்கு நேராக வைத்தேன். வெட்டப்போகும் ஆட்டுக்கு மாலை போடுவதில்லையா?

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. சக்கரம் பழத்தில் ஏறி இறங்கியது. கல்தளத்தில் நின்ற என் காலில் டொக் என்று ஒரு தட்டல் தெரிந்தது. சாறு எதுவும் சிந்தவில்லை. போய்விட்டான்.

நாள் 1141, 10:20. சுவரில் இருந்த டயர்

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

அவன் ஏன் சாக வேண்டும் என்பதற்கு ஆதாரம் எழுதி வைக்க நினைத்தேன். கான்வாஸ் நெசவு தளரும் என்று கம்பி கம்பியாக எண்ணி நிரூபிக்க வேண்டும். சுவரில் இருந்து டயரை இறக்கி, உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். ஒன்றரை வருடமாகத் தினமும் பார்த்த டயர். ஒரு நாளும் பரிசோதிக்கவில்லை. அழுவதற்கும் திட்டுவதற்குமே நேரம் சரியாக இருந்தது.

நெசவு தளரவில்லை. புதிது மாதிரி இறுக்கமாக இருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் பதினோரு கம்பிகள் உள்பக்கமாக மடங்கியிருக்கின்றன. பள்ளம் உருண்டை, என் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. அறுந்த முனை ஒவ்வொன்றும் அந்தப் பள்ளத்தில்தான் தொடங்குகிறது. பள்ளத்தின் அடியில், இரண்டு கம்பிக்கு இடையில், காய்ந்த விதை ஒன்று.

எலுமிச்சை விதை.

மைனஸ் எழுபதில் ஒரு மணி நேரம் வெளியே கிடந்த பழம், பழமாகவா இருக்கும்? பழம் என்றால் நசுங்கும், அவ்வளவுதான் என் புத்தியில் இருந்தது. கருங்கல்லைச் சக்கரத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். சாலையில் தாங்கியது. கல்காட்டில் பிரிந்தது. டயரில் தப்பில்லை. சங்கரபாண்டியன் அண்ணாச்சி கணக்கில் தப்பில்லை. ஆதிலிங்கத்தை நான்தான்

இன்றைக்கும் வைத்தேன். இன்றைக்கும் அதே சக்கரத்துக்கு.

நாள் 1141, 10:50. வெளியேறுகிறேன்

செயற்கைக்கோள் மாலை ஐந்துக்குத்தான் தலைக்கு மேல் வரும். வண்டி வானொலி இருபது கிலோமீட்டர் தாண்டாது. பன்னிரண்டரைக்கு அவர் சாலையை விட்டு இறங்கிவிடுவார்.

இருப்பது கூரையில்லாத ஆய்வு வண்டி ஒன்று. அதன் அச்சுக்குச் செருப்பு மட்டும்தான் பொருந்தும். ஒளித்து வைத்த பூட்ஸ் ஆறும் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன, எனக்கு உதவாமல். உடையில் எட்டு மணி நேரக் காற்று. உபரி ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டு, ஒன்றுக்கு ஐந்து மணி நேரம். பதிவுக் கருவியை உடையில் மாட்டிக்கொண்டேன். இனிமேல் குரல் பதிவு.

நாள் 1141, 14:35. கல்காடு, இருபத்து நான்காவது கிலோமீட்டர்

செருப்பு இரண்டு கிழிந்துவிட்டன. வண்டி இனி நகராது. வானொலி கிடைத்தது. அவர் இருபத்தேழாவது கிலோமீட்டரில் நிற்கிறார்.

“இடது முன்னது பிரிஞ்சிட்டு தாயி. காத்துக் குழாயும் போச்சு. ரெண்டேகால்ல இருந்து உடுப்புக் காத்துலதான் இருக்கேன். நீ அன்னைக்குச் சொன்னதுதான் சரி. கான்வாஸ் ஆகாது. நான் கேக்கல. ஆதி சாவு எங்கழுத்துலதான் கெடக்கு.”

இதைக் கேட்கத்தான் ஒன்றரை வருடம் காத்திருந்தேன். இந்த வார்த்தையை இந்தக் குரலில் எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பழம், பள்ளம், விதை. பூட்ஸை ஒளித்தது. அவர் சாக வேண்டும் என்றுதான் கான்வாஸ் போட்டேன் என்பதையும் சொன்னேன்.

“ரெண்டு தடவையும் பழமா?”

“ரெண்டு தடவையும் பழந்தான் அண்ணாச்சி.”

“அப்ப எதுக்கு வந்தே?”

காற்று கொண்டுவருகிறேன் என்றேன். சிலிண்டர் எத்தனை என்று கேட்டார். இரண்டு என்றேன். அவரும் கணக்குத் தெரிந்தவர்தான்.

“அப்ப இங்க வராத. ரெண்டையும் நீயே வச்சுக்க. நான் ஒன்னைய மன்னிக்கல, கேட்டியா. ஆனா வராத.”

நாள் 1141, 15:20. நடந்துகொண்டே

பனிக்கிணற்றுக்கு உதவிச் செய்தி பதிந்துவிட்டேன். ஐந்து மணிக்குத் தானாகப் போகும். அவர்கள் வந்து சேர அதிகாலை மூன்று ஆகும்.

அவர் உடையில் காற்று இரவு பத்தே கால் வரை. ஒரு சிலிண்டர் கொடுத்தால் மூன்றே கால். பிழைப்பார்.

என் உடையில் ஆறு ஐம்பது வரை. மூன்று மணியைப் பார்க்க எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்று என்றால் நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன்பு முடியும்.

பழி வாங்க ஆள் கிடைத்துவிட்டாள். இத்தனை நாள் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்த டயரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவர் வண்டி தெரிகிறது. இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. கைகாட்டி என்னைப் போகச் சொல்கிறார். வானொலியை அணைத்துவிட்டேன். ஒரு சிலிண்டரைத் தோளில் இருந்து கழற்றி அவருக்காகக் கையில் எடுத்துக்கொண்டேன்.

எடுத்துப் படிப்பவருக்கு. பட்டறைப் பதிவை முடிக்காமல் விட எனக்கு மனசில்லை.

டயர் பரிந்துரை: நூற்றெண்பது சாலை, நூற்றிருபது கல்காடு. கான்வாஸ் போதும்.

பூட்ஸ் ஆறும் நல்ல நிலையில் இருக்கின்றன, செருப்பு அடுக்குக்குப் பின்னால். பட்டியலைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பழம் வைப்பதென்றால் பட்டறைக்குள்ளேயே வையுங்கள். உணரி கெட்டால் மாற்றிக்கொள்ளலாம்.