கண்டாக்கய்யா கட்டில்

நவம்பர் 29, சனி.

விடாத மழை. காலையில் தபால் பைக்கு உள்ளே மெழுகுத்துணி வைத்துத் தைத்தேன். எட்டு வருஷமாகப் பசறைக்குத் தபால் சுமக்கிறேன், ஒரு கடிதம் நனைந்ததில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நேற்று பதுளையிலிருந்து டாக்டர் ஐயா எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்து வீட்டைப் பார்க்க வந்தார். நோயாளியாகக் கட்டிலில் கிடந்தது நான். எனக்கு நோய் ஏதும் இல்லை. படுத்து முனகச் சொல்லியிருந்தார்கள். கம்பளி புதுசு, தலையணை பஞ்சு. பிறந்ததிலிருந்து சாக்கில் படுத்தவன். தூங்கிப்போனேன். குறட்டை வேறு. வயிற்றுக்கடுப்பில் சாகக் கிடக்கிறவன் குறட்டை விடுவதை டாக்டர் ஐயா குனிந்து கேட்டாராம்.

"நல்ல மயக்கம்" என்று சொல்லிச் சமாளித்தாராம் ஞானமுத்து ஐயா. அவர்தான் தோட்டத்து மருந்துக்காரர். திருநெல்வேலிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து என்னோடு 304 சீட்டு ஆடுவார். ஆள் படிப்பாளி, ஆனால் சீட்டில் என்னிடம் தோற்பார். இந்தக் குறிப்புப் புத்தகமும் அவர் கொடுத்ததுதான். என்னைப் படுக்கச் சொன்னதும் அவர்தான்.

"ஒருநா வேசந்தான் வே. டாக்டரு நல்ல எடம்னு எழுதிட்டா, அடுத்த மாசமே மருந்து பொட்டி பொட்டியா வந்து எறங்கும். நம்ம சனத்துக்குத்தான நல்லது."

சரி என்றேன். கூலி: டின் பால் ஒன்று. என் வீட்டுக்காரி செல்லம்மாவும் நானும் ரொட்டியில் தடவித் தீர்த்தோம். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறியது.

டிசம்பர் 1, திங்கள்.

மழை. போன கடிதம் 4. வந்தது 7. அட்டைக் கடி எண்ணவில்லை.

பசறைத் தபால் கந்தோருக்கு எதிரே காதர் நானா கடை. என்னைக் கண்டதும் தராசைக் கீழே வைத்தார்.

"என்ன தபாலு, செத்துப் போயிட்டீங்கன்னு சொன்னாங்க."

"பாதிதான் நானா. மீதியச் செல்லம்மாவுக்கு வச்சிருக்கேன்."

சிரித்தார். பேப்பர் படிக்கிற ஆள், விவரம் தெரிந்தவர். எதற்கு இந்த வேஷம் என்று அவரிடம்தான் விளங்கிக்கொண்டேன். தேயிலை கப்பல் ஏறும்போது அரசாங்கம் ஆஸ்பத்திரிக்கென்று ஒரு வரி எடுக்கிறது. பதுளை ஆஸ்பத்திரி மாதிரி இடங்கள் நடப்பது அதில். இப்போது சட்டம் புதுசு.

"தோட்டத்துக்குள்ளயே கட்டில், மருந்து, மருந்துக்காரர் எல்லாம் நல்லா இருக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா, அந்த வரியில ஒரு பங்கு தோட்டத்துக்குத் திரும்பிரும். வருசம் முடியறதுக்குள்ள சர்க்கார் கச்சேரிக்கு எழுதணும்."

"அப்ப நான் குறட்டை விட்டது வரிக்காகவா நானா?"

"பின்ன? அதுக்கும் ஒரு நாள் பேர் போட்டுச் சம்பளம் குடுக்கச் சொல்லுங்க, வேலைதானே."

வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

டிசம்பர் 3, புதன்.

காற்று. மாலை கொழுந்து நிறுத்துவிட்டு வந்த செல்லம்மா (இனி செ., எழுதக் கை வலிக்கிறது) கூடையை இறக்காமல் வாசலிலேயே குந்திவிட்டாள். வயிறு.

"ஏய்யா, நீ நடிச்ச நோவு எனக்கு ஒட்டிக்கிச்சு போல."

நானும் சிரித்தேன். ஓமத் தண்ணீர் கொடுத்தேன்.

டிசம்பர் 4, வியாழன்.

ரத்தம். இன்று யாரும் சிரிக்கவில்லை.

அடுப்பு வேலை, தண்ணீர், துணி அலசல் எல்லாம் நானே. தபாலுக்குப் போய் ஓடி வந்தேன். மாலை மருந்து வீட்டுக்குப் போனேன். அங்கே இருந்தவை:

காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை
பேதி உப்பு
விளக்கெண்ணெய்
கவ்வாத்துக் கத்தி ஒரு சாக்கு, தேயிலைப் பெட்டிப் பலகை

கட்டிலைக் காணோம். அது கண்டாக்கய்யா வீட்டுக் கட்டிலாம், மலையில் ஆட்களை வேலை வாங்கும் கண்டாக்கய்யா அன்று ஒரு நாளைக்குக் கொடுத்தாராம். இப்போது அதில் அவர் மாமியார் படுக்கிறார். கம்பளியும் போய்விட்டது. வயிற்றால் போகிறவளுக்கு மேலும் போக வைக்கிற மருந்துதான் இரண்டு.

ஞானமுத்து ஐயா உதட்டைக் கடித்தார். "பதுளைக்குக் கொண்டு போணும் வே. தொரைகிட்ட துண்டு கேளு. நான் சொல்லுதேன்."

துரை துண்டு எழுதித் தந்தால் பதுளை ஆஸ்பத்திரியில் எடுப்பார்கள். நோயாளி அங்கே கிடக்கிற நாளுக்குத் தோட்டம் காசு கட்டும். போன வருஷம் வரை அப்படித்தான் எல்லாரும் போனார்கள்.

நான் சொல்லுதேன் என்றார். எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 5, வெள்ளி.

பங்களா பின்வாசல். மழை முதுகில். துரை நல்ல மனநிலையில்தான் இருந்தார். நாயைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"துண்டு இல்லை. பதுளை எதுக்கு? நம்ம தோட்டம் ஆஸ்பத்திரி இருக்கு. நீ அங்கே படுத்தது, நல்லா வந்தது. பொம்பளையும் நல்லா வரும்."

மருந்து வீட்டு நோயாளிப் புத்தகம் வந்தது. இங்கிலீஷ் எழுத்து, எனக்கு ஆகாது. ஞானமுத்து ஐயாவை வாசிக்கச் சொன்னார் துரை. வாசித்தார். சின்னமுத்து, தபால்காரன். சீதபேதி. ஒன்பது நாள் படுக்கை. பூரண சுகம்.

ஒன்பது நாள். நான் படுத்தது டாக்டர் ஐயா தேநீர் குடிக்கிற நேரம்.

"ஐயா, நீங்களே சொல்லுங்க. அது வேசந்தானே. நீங்கதானே படுக்கச் சொன்னீங்க."

புத்தகத்தை மூடினார். சப்பாத்தில் ஒட்டின சேற்றைப் பார்த்தார்.

"புஸ்தகத்துல இருக்கதுதான் இருக்கு, சின்னமுத்து."

ஏழு வருஷமாக என்னை 'வே' என்பவர். இன்று பெயர் சொன்னார்.

திரும்பி வரும்போது யோசித்தது: கொழுந்து பறிக்கிறவள் செ. அந்த இலை போய்த்தான் கப்பல் ஏறுகிறது. அந்த இலையில் எடுத்த வரியில்தான் ஆஸ்பத்திரி நடக்கிறது. அவள் விரலில் பிறந்த வரி. அவளுக்குத் துண்டு இல்லை. ஏன் என்றால் அவள் புருஷன் சுகமாகிவிட்டான்.

எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. எனக்கு அவள், அவளுக்கு என் வாய். நான் யாரையெல்லாம் கேலி செய்தேனோ அவ்வளவு பேரும் நாளைக்குச் சிரிக்கலாம். நானே போய்ப் படுத்தேன், யாரும் கையைக் காலைக் கட்டிப் போடவில்லை.

செ.வுக்குக் கஞ்சித் தண்ணீர் தங்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது. துரை என்ன சொன்னார் என்று கேட்டாள். நான் ஆரோக்கியமாக இருக்கிறேனாம் என்றேன்.

டிசம்பர் 7, ஞாயிறு. பதுளை.

ஆஸ்பத்திரி விறாந்தையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெயில்.

நேற்று நடந்தது. வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுச் சங்கு ஊதுவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். துண்டில்லாமல் தோட்டத்தை விட்டுப் போவது குற்றம். தெரியும். முன்னால் தபால் பை, முதுகில் செ., கம்பளிக்குள் கட்டி. இவ்வளவு இலேசாக இருப்பாள் என்று நினைக்கவில்லை. ஓடைக்குக் குறுக்கே ஒற்றை மரப் பாலம். தண்ணீர் மரத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

"தபாலை நனைக்காமக் கொண்டு போவியே, அதே மாதிரி போய்யா."

"நீ தபாலுன்னா ஒனக்கு முத்திரை ஒட்டணும்டி."

"ஒட்டு, ஒட்டு. வாயி மட்டும் கொறையாது."

கால் சறுக்கவில்லை. பசறையில் பையைக் கந்தோரில் கொடுத்தேன். காதர் நானா ஒரு வார்த்தை கேட்கவில்லை, சாமான் ஏற்றப் பதுளை போகிற வண்டியில் வைக்கோல் பரப்பினார். வழி முழுவதும் வளைவு, ஒவ்வொரு வளைவிலும் செ. என் கையை இறுக்கினாள். பிறகு இறுக்குவது குறைந்தது. அதுதான் பயம்.

இங்கே விறாந்தையில் அதே டாக்டர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். முதலில் அவளைப் பார்த்தார், உள்ளே எடுக்கச் சொன்னார். துண்டு இல்லை என்றேன்.

"துண்டில்லாட்டிலும் எடுப்பம். காசைத் தோட்டத்திட்டைக் கேப்பம்."

பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்டைக்குக் கட்டிலிலை குறட்டை விட்ட ஆள் நீர்தானே?"

"ஆமாங்க."

"உண்மையா வருத்தம், நோய் ஏதும் இருந்ததோ?"

"இல்லீங்க. வயிறு கல்லு மாதிரி நல்லா இருந்துச்சு."

"கட்டில்?"

"கண்டாக்கய்யாவோடதுங்க. இப்ப மாமியார் படுத்திருக்காங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல இடமெண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டன். இனி வந்தா சொல்லாமத்தான் வருவன்." பிறகு, "அந்தக் கடதாசி கச்சேரிக்குப் போயிட்டுதோ?"

"இன்னும் இல்லீங்க. தொர கையெழுத்து வைக்கணும். தபாலு நாந்தான் கொண்டு போறது."

"ஓமோ."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

காலையில் செ. இரண்டு மடக்குக் கஞ்சி குடித்தாள். தங்கியது. இன்னொரு நாள் பிந்தியிருந்தால் என்று தாதி சொல்ல ஆரம்பித்தாள். நான் காது கேட்காதவன் போல எழுந்து வந்துவிட்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்.

தோட்டம், நான் மட்டும். மழை. துரை கத்தினார். ஒரு வாரப் பேர் வெட்டு, அந்த வாரச் சம்பளம் இல்லை. வேலையை விட்டு நிறுத்தவில்லை, இந்த மழையில் அட்டைக் காட்டுக்குள் வேறு யார் போவார்கள்.

மாலை ஞானமுத்து ஐயா லயத்துக்கு வந்தார். கையில் டின் பால். "புள்ளைகுட்டிக்காரன் நான், என்னத்தச் செய்ய" என்றார். உட்காரச் சொல்லவில்லை. டின்னை வாசலில் வைத்துவிட்டுப் போனார். இன்னும் வாசலிலேயே இருக்கிறது. எறும்புக்குத் திறக்கத் தெரியவில்லை.

எனக்குத் துரை மேல் அவ்வளவு கோபமில்லை. துரை என்னோடு சீட்டாடினதில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு.

நானாவின் வண்டியில் பதுளை. கொண்டு போனது: சீப்பு, வெற்றிலை, மாற்றுச் சேலை, எலுமிச்சை 3. செ. உட்கார்ந்திருந்தாள். முகத்தில் எலும்பு, ஆனால் வாய் திரும்பிவிட்டது.

"இங்க கட்டிலு நெசமாவே எனக்குத்தானாம்யா. ஒருத்தரும் திருப்பிக் கேக்கலை."

"குறட்டை விட்டியா?"

"ஒன்ன மாதிரி வராது. நீ சர்க்காருக்கே விட்டவன்."

திரும்பி வரும்போது வண்டியில் கண் கலங்கியது. தூசு என்று நானாவிடம் சொன்னேன். மழைக்காலத்தில் ஏது தூசு என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

டிசம்பர் 16, செவ்வாய்.

ஞானமுத்து ஐயாவின் சீட்டுக்கட்டு என் வீட்டிலேயே கிடந்தது. கொடுத்தனுப்பினேன். ஜாக்கி நான்கையும் எடுத்துவிட்டு. அந்த ஆட்டத்தில் பெரிய சீட்டே அதுதான். ஜாக்கி இல்லாமல் 304 ஆடட்டும்.

டிசம்பர் 24, புதன்.

செ. வீட்டுக்கு வந்தாள். நானா வண்டி பசறை வரை, அதற்கு மேல் என் முதுகு. கொஞ்சம் கனத்தாள். சந்தோஷம். இன்னும் ஒரு மாதம் கொழுந்து பறிக்க மலைக்குப் போகக்கூடாதாம். துரை கிறிஸ்மஸுக்கு நுவரெலியா போயிருக்கிறார், அதனால் யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 29, திங்கள்.

துரை வந்துவிட்டார். இரண்டு நாளாகக் கொட்டும் மழை.

மாலை ஞானமுத்து ஐயா தபால் பையோடு நின்றார். கையில் தனியாக ஒரு நீளக் கவர், அரக்கு முத்திரை. கச்சேரிக்கு. டாக்டர் ஐயா கையெழுத்து வைத்த கடதாசி உள்ளே என்றார். புத்தகத்திலிருந்து பிரதி எடுத்த பக்கமும் உள்ளே. ஒன்பது நாள் படுக்கை, பூரண சுகம்.

"நாளைக்குப் பசறையில போட்டாத்தான் முப்பத்தொன்னுக்குப் போய்ச் சேரும். பிந்திட்டா இந்த வருசத்து வரிப் பங்கு போச்சு. ஒத்தக் கடதாசி, வேற பிரதி கெடையாது. பையில போட்டுக் கசக்கிறாத. கையிலயே பத்திரமா வச்சுக்க... வே."

கடைசி வார்த்தை மெதுவாக வந்தது.

சரிங்க ஐயா என்றேன்.

டிசம்பர் 30, செவ்வாய்.

காலையில் மழை விட்டது. ஓடையில் தண்ணீர் அதிகம். மரப் பாலத்தில் நடுவில் இடது கால் சறுக்கியது. எட்டு வருஷத்தில் முதல் தடவை. பைக்குள் இருந்த கடிதம் ஆறும் நனையவில்லை, மெழுகுத்துணி நன்றாகப் பிடிக்கிறது. நீளக் கவரை ஐயா சொன்னபடி கையில் வைத்திருந்தேன். முட்டியில் சிராய்ப்பு. மற்றக் கையில் இருந்த குடைக்கு ஒன்றும் ஆகவில்லை.