நெட்டை ஏன் வருகிறாள்?

செப்டம்பர் 1, திங்கள்

புதுப் பள்ளியில் ஐந்தாவது வாரம். மதியம் மாடிப்படிக்குக் கீழே நெட்டையோடு சாப்பிட்டேன். பேர் சொன்னால் அவள் திரும்புவதே இல்லை, நெட்டை என்றால்தான் திரும்புகிறாள். இன்றும் வாலிபால் கதைதான். கேப்டன் ஆவதற்கு நடத்தை மார்க் இருபது வேண்டுமாம். "தினமும் லேட்டா வந்து வந்து என் மார்க்கெல்லாம் காத்தோட போச்சு" என்றாள்.

நான் நூலகத்தில் எடுத்த மனோதத்துவப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். ஆசையாகப் படம் வரையும் குழந்தைகளுக்குப் பரிசு கொடுத்துப் பழக்கினால், பரிசு நின்றதும் சிலர் வரைவதையே குறைத்துவிடுகிறார்களாம். "எனக்கு யாராவது சும்மா பரிசு கொடுத்துப் பழக்கட்டுமே" என்றபடி என் டப்பாவில் பாதியைக் காலி செய்துவிட்டாள்.

செப்டம்பர் 4, வியாழன்

கட்டுரை நோட்டுகளை அடுக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனேன். வகுப்பு மிஸ் மேஜையில் ஒரு தாள். 'புதிய மாணவிக்குத் துணை – வாரம் இரண்டு மார்க்'. கீழே நெட்டையின் பெயர். முடிந்த வாரத்துக்குத் திங்கள்தோறும் ஒரு டிக், நான்கு வாரத்துக்கு நான்கு.

புதிய மாணவி நான்தான்.

"அவ உன்னை நல்லாப் பாத்துக்கிறாளா?" என்று மிஸ் கேட்டார். நல்லாப் பாத்துக்கிறா மிஸ் என்றேன். வேறு என்ன சொல்வது?

செப்டம்பர் 5, வெள்ளி

இன்றும் வந்தாள். சிரித்தேன். டப்பாவை அவள் பக்கமே தள்ளிவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அம்மாவுக்கு வாரம் முழுக்க இரவு ட்யூட்டி. பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறாள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைத் தவிர யாரும் பேசுவதில்லை.

மதியம் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். "ஏழாம் நம்பர் பெட்காரர் கஞ்சி குடிச்சாரா? பிடிவாதம் பிடிச்சா அவர் மக பேரைச் சொல்லு, குடிச்சிடுவார்." சொல்லிவிட்டுத் திரும்பவும் படுத்தாள். அந்தப் போனுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. ஆனால் சம்பளம் இல்லாவிட்டால் அம்மா ஏழாம் நம்பரைப் பார்த்திருக்கவே மாட்டாள். அன்பு, சம்பளம் – இதை எந்தப் பக்கம் எழுதுவது?

நெட்டை விஷயத்தில் எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். மார்க் இல்லாவிட்டாலும் வருவாளா?

செப்டம்பர் 8, திங்கள்

மிஸ்ஸிடம் போய், எனக்குப் பழகிவிட்டது, இனி துணை வேண்டாம், அந்த மார்க்கை நிறுத்திவிடலாம் என்றேன். "ஏம்மா, சண்டையா?" இல்லை என்றேன். மாலையே அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். எனக்கு எதுவும் தெரியாததுபோல் இருந்தேன்.

இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டிருக்கிறேன். தேதி, வந்தாளா, எத்தனை நிமிடம், முதலில் பேசியது யார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வந்தாள். 22 நிமிடம். அவள்தான் முதலில் பேசினாள். நாள் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

செப்டம்பர் 10, புதன்

வரவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

வந்தாள். 9 நிமிடம்தான். எதுவும் பேசவில்லை. இதை 'வந்தாள்' என்று எழுதலாமா? எழுதினேன், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் இயற்பியல் நோட்டைக் கேட்டாள், பாதிப் பாடம் விட்டுப்போச்சு என்று. கொடுத்தேன். மதியம் வரவில்லை. வீட்டுக்கு வந்து கட்டத்தை நிரப்பப் பையைத் திறந்தபோதுதான் – ஐயோ. நோட்டு அவளிடம்.

செப்டம்பர் 15, திங்கள்

நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். என் கட்டத்தின் ஓரத்தில் அவளே எழுதியிருந்தாள். புதன்: 'கேப்டன் லிஸ்ட் போட்டாங்க. எனக்குப் பதினெட்டு மார்க். பாத்ரூம்ல இருந்தேன்.' வியாழன்: 'முகம் வீங்கியிருந்துச்சு. அப்பவும் வந்தேன்.'

பதினெட்டு. இரண்டு குறைவு. அந்தத் திங்கள் விழ வேண்டிய ஐந்தாவது டிக்கை நிறுத்தியது நான். இருபது என்று என்னிடம் சொல்லியிருந்தாளே – எனக்கு அது ஏன் உறைக்கவில்லை? அவள் ஏன் வருகிறாள் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளாவது பார்த்தேனா?

"நிறுத்தச் சொன்னது நீதான்னு மிஸ் சொன்னாங்க. மொத வாரம் மார்க்குக்காகத்தான் வந்தேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் மார்க் ஞாபகமே இல்ல. நீ வாயத் தொறந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? கட்டம் போட்டு வெச்சிருக்க. நான் என்ன சோதனை எலியா?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

தனியாகச் சாப்பிட்டேன். மாடிப்படியில் எல்லோரும் நடக்கும் சத்தம் தலைக்கு மேல்.

செப்டம்பர் 17, புதன்

தனியாக.

செப்டம்பர் 18, வியாழன்

மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கட்டத்தையும் காட்டினேன். அந்த இரண்டு மார்க்கை அவளுக்கே கொடுத்துவிடுங்கள், தப்பு என்னுடையது என்றேன். மிஸ் நோட்டை மூடிக் கொடுத்தார். "லிஸ்ட் போயாச்சும்மா. இந்த வருஷம் ஒண்ணும் பண்ண முடியாது."

இந்த வருஷம். அடுத்த வருஷம் அவள் பள்ளி டீமிலேயே இருக்க முடியாது, வயது தாண்டிவிடும்.

செப்டம்பர் 19, வெள்ளி

பள்ளி விட்டதும் மைதானத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவா, தனியாக இருக்க முடியாமலா? பிரித்துப் பார்க்க வரவில்லை. வேறொருத்தி கேப்டன், நெட்டை ஓரத்தில் ஆடினாள். மன்னிச்சிடு என்றேன். பந்து கோட்டைத் தாண்டி உருண்டு வந்தது. "மரம் மாதிரி நிக்காத. பந்தெடு" என்றாள்.

எடுத்தேன்.

செப்டம்பர் 24, புதன்

நான்கு நாளாகப் பந்து பொறுக்குகிறேன். மதியம் இன்னும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். 'பந்து' என்பதைத் தவிர அவள் என்னிடம் வேறு எதுவும் சொன்னதில்லை.

இன்று ஆட்டம் முடிந்து எல்லோரும் போனபின் கேட்டாள். "எதுக்கு தினமும் வர்ற? மிஸ் உனக்கு மார்க் போடறாங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

எனக்கு மூன்று காரணங்கள் தோன்றின. மூன்றும் கொஞ்சம் உண்மை. "தெரியல" என்றேன்.

பந்தை இரண்டு தடவை தரையில் தட்டினாள். என் காலைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஷூ போட்டுக்கிட்டு வா. இந்தச் செருப்போட ஓடினா விழுந்து தொலைவ."