பாலத்தில் அவள் சொன்னது

அக்கா,

உங்கள் ரிமோட் இப்போது என் கையில் இருக்கிறது. மற்ற பட்டன்கள் புதுக்கருக்கு மாறாமல் இருக்க, படத்தை நிறுத்தும் பட்டன் மட்டும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. தேய்த்தது உங்கள் கட்டைவிரல், தேய்க்க வைத்தது நான். உங்கள் வீட்டைக் காலி செய்ய பிரான்சிலிருந்து வந்த மகன், "அம்மா உங்ககூடதானே பாத்தாங்க, நீங்களே வச்சுக்குங்க ஆன்ட்டி" என்று டி.வி.யைத் தூக்கிவந்து எங்கள் கூடத்தில் வைத்துவிட்டுப் போனான். போன வாரம் என் மருமகள் அதில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, திடீரென்று நம் பனிக்கோட்டை வந்தது. அதே கோட்டை, அதே டிராகன். ஆனால் எல்லோரும் தமிழில் பேசினார்கள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு வருஷம் உங்கள் குரலில் பேசிய ராஜாவுக்கு இப்படி ஒரு கட்டைக் குரலா?

நாம் அந்தத் தொடரைப் பார்த்த விதத்தைச் சொன்னால் மருமகள் சிரிக்கிறாள். உங்கள் மகன் ஹார்டு டிஸ்கில் போட்டு அனுப்பியது, பேச்செல்லாம் பிரெஞ்சு. முத்தியால்பேட்டையில் உங்களுக்கு அடுத்த வீட்டிலேயே இருந்தும் எனக்கு மெர்சியைத் தாண்டி ஒரு வார்த்தை தெரியாது. மதியம் லுஹர் தொழுதுவிட்டு, தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு, கையால் மடித்துத் தைக்க வேண்டிய திரைச்சீலையை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருவேன். அவர்கள் இரண்டு வசனம் பேசியதும் நீங்கள் நிறுத்துவீர்கள். "என்னா சொல்றான்னா..." என்று ஆரம்பிப்பீர்கள். ராஜா நம் தெருப் பேச்சில் உறுமுவார். சூனியக்காரி "போடா பேமானி" என்பாள். முக்கால் மணி நேரக் கதை நமக்கு இரண்டு மணி நேரம் ஓடும்.

நான் அவசரக்காரி. ஒருவன் திரைக்கு வந்ததும் நல்லவனா கெட்டவனா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். முதல் சீசனில் அனாதைப் பிள்ளைகளுக்குத் தன் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்த இளவரசனைப் பார்த்து, எனக்கு ஒரு மகள் இல்லாமல் போய்விட்டாளே என்று வருத்தப்பட்டேன். மூன்றாவது சீசனில் அவனே சிம்மாசனத்துக்காக ஒரு கிராமத்தையே கொளுத்தினான். "பாத்தியா உன் மாப்பிள்ளையை!" என்று சிரித்தீர்கள். இனிமேல் இதைப் பார்க்க மாட்டேன் என்று நான் எழுந்துகொண்டபோது, "இரு நூரு. அவன் பயந்துட்டான். பயந்தவன் என்னா வேணா பண்ணுவான். முடியற வரைக்கும் பாரு" என்றீர்கள். சொந்த அண்ணனுக்கு விஷம் வைத்த மந்திரவாதிக்குக்கூட ஒரு நியாயம் கண்டுபிடித்து வைத்திருந்தீர்கள். அந்தக் கோட்டையில் இருந்த எல்லோருக்கும் நீங்கள்தான் வக்கீல். ஒருத்திக்கு மட்டும் நீதிபதி.

அவள்தான் கதவுக்காரி. பெயர் வாயில் நுழையாததால் நாம் வைத்த பெயர். பேய்ப்படை நெருங்கும்போது கோட்டைக் கதவைச் சாத்திவிடுகிறாள். வெளியே மாட்டிக்கொண்டது அவளுடைய சொந்தத் தங்கை. கதவிலிருந்த ஓட்டை வழியாக அதைப் பார்க்கவும் செய்தாள். அதற்குப் பிறகு அவள் செய்யாத நல்லது இல்லை. காயம்பட்டவர்களை முதுகில் சுமந்தாள், பஞ்சத்தில் தன் பங்கைப் பிறருக்குக் கொடுத்தாள். ஆனால் கேட்டவர்களிடமெல்லாம், தங்கை வெளியே இருந்தது தனக்குத் தெரியாது என்று பொய் சொன்னாள். நான் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் சாய்ந்தேன். நீங்கள் அசையவில்லை. "நல்லது பண்ணிட்டா ஆச்சா? மூடினது மூடினதுதான்" என்றீர்கள்.

கடைசிப் பகுதியில் அக்காவும் தங்கையும் பாலத்தில் எதிரெதிரே நின்றார்கள். செத்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்த தங்கை, பாதி முகம் வெந்துபோய், எதிரிப் படையோடு வந்திருந்தாள். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். அவள் வெகுநேரம் பேசினாள். நீங்கள் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. பேசி முடித்ததும் கையை நீட்டி அக்காவின் கன்னத்தைத் தொட்டு, இன்னும் இரண்டு வார்த்தை சொன்னாள். அப்போதுதான் நிறுத்தினீர்கள்.

"என்னாக்கா சொல்றா?"

"போ, உன் மூஞ்சில முழிக்க மாட்டேங்கறா."

"அவ்ளோ நேரம் பேசினாளே?"

"அதையேதான் சுத்திச் சுத்திச் சொல்றா."

"கன்னத்தைத் தொடறாளே?"

"அந்த ஊர்ல அப்படித்தான் நூரு. போன்னு சொல்றதுக்குக் கன்னத்தைத் தொடுவாங்க."

"அவ்ளோதான் கதை" என்று டி.வி.யை அணைத்துவிட்டீர்கள். நான் நம்பினேன். டிராகன் பறக்கிற ஊரில் எது வேண்டுமானாலும் வழக்கமாக இருக்கலாம் அல்லவா.

இரண்டு நாள் கழித்து, நான் கேட்காமலே சொன்னீர்கள். நெல்லித்தோப்பில் உங்களுக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்று. உங்கள் வீட்டுக்காரர் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் என்பதும், கல்யாணமான கையோடு நீங்கள் அங்கே போனதும் எனக்குத் தெரியும். போகும்போது, படுக்கையில் கிடந்த அம்மாவைத் தங்கையிடம் விட்டுவிட்டு, "அம்மாவுக்கு அப்புறம் உன்னையும் கூட்டிக்கிறேன், பாப்பியே எல்லாம் அனுப்பறேன்" என்று வாக்குக் கொடுத்தது தெரியாது. அம்மா போன பிறகும் அந்தக் காகிதங்கள் வரவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, வந்த வரன்களையெல்லாம் தட்டிவிட்டு, அவள் காத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரி ஆபீஸ்ல வேலைன்னு ஊருக்கு எழுதியிருந்தேன் நூரு. நான் தரை தொடைச்சிக்கிட்டிருந்தேன். அவ வந்தா பாத்துடுவாளே." அவ்வளவுதான் காரணம். சொல்லிவிட்டு உங்கள் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஆட்டோல பத்து நிமிஷம். வாங்க, இப்பவே போவோம்" என்றேன்.

"அந்தத் தெரு வழியா எத்தனையோ தடவை போயிருக்கேன். நிறுத்தச் சொல்ல வாய் வரல. போய் நின்னு, அவ போன்னு சொல்லிட்டா என்னா பண்றது? சொல்லாத வரைக்கும் சொல்லலதானே?"

நான் ஒரு தடவை கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிடவில்லை. ஒரு பிடி பிடித்தால் விடாதவள் என்று தெருவுக்கே என்னைத் தெரியும். அன்றைக்கு விட்டுவிட்டேன். ஒரு ஓட்டலுக்கு நாற்பது திரைச்சீலை தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது, அது முடியட்டும் என்று நினைத்தேன். அதற்குள் ஒரு காலையில் காபி டம்ளரோடு நாற்காலியில் சாய்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. உங்கள் அடக்கத்தன்று மாதா கோயிலில் கடைசி வரிசையில் உங்கள் மோவாயோடு ஒரு அம்மாள் நின்றிருந்தார். நான் பக்கத்தில் போவதற்குள் போய்விட்டார்.

அதனால்தான் போன வாரம் மருமகளிடம், "வேற எதுவும் வேணாம், நேரா கடைசிக்குப் போ" என்றேன். பாலம் வந்தது. வெந்த முகத்துக்காரி தமிழில் பேசினாள். ஓட்டை வழியாக உன் கண்ணைப் பார்த்தேன் என்றாள். செத்துவிடாமல் ஓடியதே உன்னை நேரில் திட்டத்தான் என்றாள், திட்டவும் செய்தாள். அப்புறம் கன்னத்தைத் தொட்டு, "திட்டி முடிச்சாச்சு. வா, குளிருது" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து நடந்து கோட்டைக்குள் போனார்கள்.

என்னை ஏமாற்றிவிட்டீர்களே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு புரிந்தது. ராஜாவுக்கும் பேய்க்கும் குரல் கொடுத்த வாய்க்கு, "வா" என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. அது உங்களுக்குக் கிடைக்காது என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். மருமகள் பயந்துபோகிற அளவுக்கு அழுதேன்.

மறுநாள் காலை நெல்லித்தோப்புக்குப் போனேன். உங்கள் மகனிடம் கேட்டு வாங்கிய விலாசத்தில், நீங்கள் நிறுத்தாத ஆட்டோவை நான் நிறுத்தச் சொன்னேன். உங்கள் தங்கை கதவைத் திறந்து, "கோயில்ல அழுதுக்கிட்டிருந்தது நீதானேம்மா?" என்றார். எதையும் மறைக்காமல் சொன்னேன். தரை துடைத்த கதை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. "அவளா? ஊட்ல ஒரு தட்டு கழுவ மாட்டாளே!" என்று சிரிக்க ஆரம்பித்தவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அவங்க வந்திருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன். அதைக் கேட்கத்தானே போனேன்.

அவர் யோசிக்கக்கூட இல்லை. "மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தியிருப்பேன். ரெண்டாவது தடவை வந்திருந்தா தெறந்திருப்பேன்."

நீங்கள் நினைத்ததும் சரிதான் அக்கா, நினைத்ததும் தப்புதான். ஒரே கதவு. அதற்கு இரண்டு தடவை போயிருக்க வேண்டும். நானும் இரண்டு தடவை கூப்பிட்டிருக்க வேண்டும்.

"அந்தக் கதையை நான் பாக்கணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு எந்தப் பக்கம் நீங்கள் உட்காருவீர்களோ அந்தப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார், நான் சொல்லாமலே. பாலம் வந்து, தங்கை கன்னத்தைத் தொட்டு வா என்றதும், "நிறுத்து" என்றார். உங்கள் பட்டனை அழுத்தினேன். திரையில் தங்கையின் கை அக்காவின் கன்னத்தில் அப்படியே நின்றது.

"இதை அவ உன்கிட்ட என்னான்னு சொன்னா?"

சொன்னேன். "கன்னத்தைத் தொட்டா போன்னு அர்த்தமாமா! சின்னதுலேர்ந்தே புளுகுணி" என்று சொல்லிச் சிரித்தார். திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோ ஏற்றிவிட வாசலுக்கு வந்தேன். ஏறப் போனவர் திரும்பி வந்து, கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார். என் முகத்தைத்தான் பார்த்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

அது எனக்கு வந்தது இல்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு வர வேண்டியது என் கன்னத்தில் இருக்கிறது, அக்கா.

நூரு